கடைசிச் சம்பளத்துக்கு ஆறு ஐஸ் பாளம்

வாழைச்சேனையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்த உதயரூபன், சொந்த ஊரான கிரானில் ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு வேலையை விட்டான். கடைசிச் சம்பளம் வாங்கப் போன அன்று கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. திரும்பும்போது விதைநெல் ஏற்றி வரலாமென்று, இரவல் வாங்கிய, பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தில் மனைவி கஜானியையும் கூட்டிக்கொண்டு போனான்.

முதலாளி கனகசிங்கம் நல்ல மனிதர்தான். ஆனால் கடல் சரியில்லையென்று சில நாட்களாக ஒரு மீன்பிடிப் போட்டும் இறங்கவில்லை. ஐஸ் வாங்க ஆளில்லை.

"தம்பி, அரைச் சம்பளந்தான் காசா இரிக்கி. மிச்சத்துக்கு ஐஸ் ஏத்திட்டுப் போறியா?" என்றார் கூச்சத்தோடு.

உதயரூபன் கஜானியைப் பார்த்தான். எட்டு வருடமாக விறைத்த கையோடு வீட்டுக்கு வந்த மனிசனுக்குச் சம்பளமும் ஐஸாகவே கிடைக்கிறதே என்று நினைத்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சிரிப்பு அவனுக்கும் தொற்றியது.

"ஏத்துங்க முதலாளி," என்றான்.

ஆறு பாளம். உமியைக் கொட்டிச் சாக்கால் மூடியும் பெட்டியிலிருந்து தண்ணீர் றோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. முந்திப்போன மோட்டார் சைக்கிள்காரர் ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணன், தண்ணி ஒழுகுது."

"சம்பளம் ஒழுகுது தம்பி," என்றாள் கஜானி. அதற்குப் பிறகு அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

கிரான் மைதானத்தில் கிரிக்கெட் போட்டி, இடைவேளை நேரம். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஓட்டமாவடியிலிருந்து சர்பத் விற்க வந்த றிஸான், வெந்நீராகிப்போன வாளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஐஸ் வேணுமா?" என்று கேட்டான் உதயரூபன்.

"பகிடி விடாதீங்க அண்ணன்."

உதயரூபன் சாக்கைத் தூக்கிக் காட்டினான். றிஸான் தன் தொப்பியைக் கழற்றிப் பாளத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்து, எடுத்துத் தலையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு இரண்டு பாளத்துக்குக் காசை நீட்டினான். கடைக்காரர் ஒருவர் இன்னும் இரண்டை வாங்கினார். மிச்சத்தை விற்க உதயரூபனுக்கு மனம் வரவில்லை. அந்தக் கடைக்காரரிடம் கோடரி வாங்கி, அதன் பின்புறப் பிடங்கால் உடைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தான்.

"வயல்கார உதயன் அண்ணன் ஐஸ் கொண்டு வந்திரிக்கார்," என்று பற்றரி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவனை வயல்காரன் என்று ஊர் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கஜானியைத் தேடினான். அவள் கன்னத்தில் ஐஸ் துண்டை ஒற்றிக்கொண்டு நின்றாள்.

"கேட்டதா?"

"கேட்டது, கேட்டது. வயல்காரர் இன்னும் விதைநெல் வாங்கல்ல," என்றாள்.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியது. பந்து தடுக்க இறங்கிய வெளியூர் அணிக்காரர் இடைவேளையில் இரண்டு கையாலும் ஐஸைப் பிடித்துத் தின்றிருந்தார்கள். விறைத்த விரலில் பந்து நிற்கவில்லை. லேசான பிடிகள் மூன்றைத் தவறவிட்டார்கள். கிரான் வென்றது.

தோற்ற அணியின் தலைவன் கையை உதறிக்கொண்டு நேரே லேண்ட்மாஸ்டரிடம் வந்தான். உதயரூபன் சண்டைக்குத் தயாரானான்.

"அண்ணன்," என்றான் அவன், "இன்னும் கொஞ்சம் இரிக்கா?"