ஒரே காலையில் அறுபது வயது

கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே அதற்கு ஓர் உறையும் வந்தது. தடித்த பிளாஸ்டிக், ஓரம் அடித்து, நாடா வைத்து, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆபீசுக்குள்ளே, கூரைக்குக் கீழே, மழையைக் கண்ணாலும் பார்க்கப் போகாத சாமானுக்கு உறை! அக்கரப்பத்தனைத் தபால் கந்தோருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாகத் தபால் பை சுமக்கும் பொன்னையாவுக்கு மட்டும் ஒரு மழைக்கோட்டு வந்தபாடில்லை. கேட்டால், "கொழும்புக்கு எழுதியிருக்கு" என்பார்கள். எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டவரும் அவர்தான், நனைந்துகொண்டே.

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்க வந்தவள் டெல்சி. கீழ் லயத்து வரிசை வீட்டுச் சூசைரட்ணத்தின் மகள். ஹட்டனில் படித்தவள். தற்காலிக வேலை. வந்த முதல் நாளே பொன்னையாவைப் பார்த்து, "அய்யோ, தெப்பமா நனஞ்சிட்டீங்களேண்ணே" என்றாள்.

"நனையாம இருக்க நான் என்ன கம்ப்யூட்டரா, புள்ள?"

சிரித்தாள். அந்த ஆபீசில் அவர் பேச்சுக்குச் சிரித்த முதல் ஆள்.

அவள் வருவதற்கு முன்பே கொழும்பிலிருந்து டை கட்டிய இரண்டு பொடியன்கள் வந்து, மூன்றே நாளில் தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள். பழைய புத்தகத்தில் முப்பத்தேழு பேருக்குப் பிறந்த தேதி எழுதியிருக்கவில்லை. எப்போது பிறந்தாய் என்று கேட்டால் 'பெரிய மண்சரிவு வந்த வருஷம்' என்று சொல்லும் சனம். மண்சரிவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆனால் கம்ப்யூட்டருக்கு வெற்றுக் கட்டம் ஆகாது. தேதி போடாவிட்டால் அடுத்த ஆளுக்கு நகராது. பொடியன்களுக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முப்பத்தேழு பேருக்கும் 1940 ஜனவரி ஒன்று என்று அடித்துவிட்டு ஏறிப் போனார்கள். ஒரே நாளில் முப்பத்தேழு பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் உலகத்தில் அவர்கள்தான்.

இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பும், விமானம் விழும் என்று பத்திரிகைகள் பயம் காட்டின. எதுவும் விழவில்லை. இந்தத் தோட்டத்தில் மட்டும் முப்பத்தேழு பேருக்கு ஒரே காலையில் அறுபது வயதானது.

புது வருஷத்து முதல் திங்கட்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை வீரய்யா, கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த புதுத் தாளைப் பார்த்துப் பேர் வாசித்தார். பொன்னையாவின் மனைவி ராசம்மாவின் பேர் வரவில்லை.

"ஒனக்கு வேல முடிஞ்சிருச்சி ராசம்மா. அறுவது ஆயிருச்சாம்."

"யாருக்கு அறுவது? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

"நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுது."

பக்கத்தில் நின்ற ஊர்மிளாவுக்கும் அறுபதுதான். போன வைகாசியில்தான் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது.

மத்தியானம் பொன்னையா சாப்பிட வந்தபோது ராசம்மா தட்டை வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது. "கெழவியக் கட்டிக்கிட்டவன்னு லயமே சிரிக்கிது. சந்தோசமா? இருவத்திரெண்டு வருசமா அங்கதான பை தூக்குறீங்க? பொஞ்சாதிக்காக ஒரு வார்த்த கேக்க வாயில்ல?"

"கேட்டா காதுல வாங்க அங்க யாரு இருக்கா? அந்த டெல்சிப்புள்ள ஒண்ணுதான். அது நேத்து வந்தது."

மாதக் கடைசியில் ஓய்வுப் பத்திரங்கள் கொழும்புக்குப் போகும். அங்கே கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு பிரம்மாவே வந்து சொன்னாலும் ராசம்மா கிழவிதான். மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

பெரிய கிளாக்கர் தம்பு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பேனா மூடியைத் திறப்பதற்கும் கொழும்புக்கு எழுதிக் கேட்கிற மனிதர். இதற்கும் எழுதினார். பதில் வந்தது: 'கம்ப்யூட்டரில் உள்ள தேதியை மாற்ற வழியில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் அனுப்பினால் பரிசீலிக்கலாம்.' அந்தப் பத்திரம் இருந்திருந்தால் கட்டம் ஏன் வெறுமையாகக் கிடக்கப் போகிறது என்று யோசிக்க அங்கே ஆள் வைக்கவில்லை போலும்.

டெல்சி ஒரு வாரம் அந்தத் திரையை முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "அண்ணே, பூட்டு முன்கதவுலதான் இருக்கு. பேரு, தேதி எல்லாம் அட்டவணையா பின்பக்கம் தெறந்துதான் கெடக்கு. உள்ள போயித் திருத்த ஒரு சின்னக் கத்தி கெடச்சாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். அவள் படித்த கம்ப்யூட்டர் வகுப்பில், இந்தியச் சஞ்சிகைகளோடு வந்த சீடிகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அந்தக் கத்தியைத் தேடிப் பகல் முழுக்கக் கிளறினாள். ஒன்று அம்புக்குறியைப் பூனையாக மாற்றியது. ஒன்று ஜாதகம் கணித்தது. அட்டவணையைத் திறக்கத் தெரிந்தவையோ, கல்யாணத் தரகர் மாதிரி ஐம்பது கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தன. கடைசியில் அகப்பட்டது ஒரு பொடி புரோகிராம். படமில்லை, பாட்டில்லை. ஒரு பிளாப்பியின் மூலையில் அடங்கிவிட்டது.

திங்கட்கிழமை அதைத் திறந்து காட்டினாள். பேருக்கு ஒரு வரி, தேதிக்கு ஒரு கட்டம். கட்டத்தில் வைத்து அடித்தால் மாறுகிறது, சேமித்தால் நிற்கிறது.

"இவ்வளவுதானா? இது நம்ம ஆள் பேரு பதியிற செக்ரோல் புத்தகம்ல!" என்றார் பொன்னையா. மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் வழியில்லையாம். "அடிச்சிரு புள்ள. ராசம்மாவுக்கு முப்பத்தஞ்சு போடு, குளுந்து போயிருவா."

"அது ஏலாதுண்ணே. வாய்க்கு வந்தத அடிச்சா நானும் அந்த டை கட்டுன பொடியனும் ஒண்ணு. நெசத் தேதி வேணும்."

பொன்னையா தலையைச் சொறிந்தார். பிறகு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தார். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. வயதைப் பார்த்துப் பால் கொடுப்பதற்காக அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே தடித்த புத்தகம் வைத்திருந்தார்கள்: பிள்ளையின் பேர், தாயின் பேர், பிறந்த தேதி. உடைந்த தொட்டிலுக்குக் கீழே கிடந்தது. அட்டையை எலி தின்றிருந்தது. ஆட்களை விட்டு வைத்திருந்தது. முப்பத்தேழு பேரும் இருந்தார்கள். அதில் மூக்கனுக்கு மட்டும் உண்மையிலேயே அறுபது தாண்டியிருந்தது. இந்தக் கோபத்தில் அவர் பொன்னையாவோடு இன்றுவரை பேசுவதில்லை.

புத்தகத்தை ஆபீசுக்குக் கொண்டுவந்து டெல்சியின் மேசையில் விரித்தபோது, தம்பு ஐயா வந்து நின்றார். "பிள்ளை, உது கொழும்புச் சாமான். என்னட்டைக் கேக்காமல் தொடாதையும்."

"அப்ப கேக்குறேங்கய்யா. தொடலாங்களா?"

அவர் எலி தின்ற புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்டும் காணேல்லை. தேத்தண்ணி குடிக்கப் போறன்."

ஒன்றரை மணி நேரம் குடித்தார். அவ்வளவு பெரிய கோப்பை அந்தத் தோட்டத்திலேயே கிடையாது.

டெல்சி முதலில் பழைய அட்டவணையை இன்னொரு பிளாப்பியில் பிரதி எடுத்து வைத்தாள். பொன்னையா வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார், அவள் அடித்தாள். "ராசம்மா. அம்மா பேரு செல்லாயி. அம்பத்தெட்டு, ஏப்ரல் பதினேழு." அங்கே விரல் கொஞ்சம் நின்றது. கல்யாணமாகி இருபது வருஷம். மனைவிக்கும் பிறந்த நாள் ஒன்று உண்டு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த தாளில் முப்பத்தாறு பேரும் வந்தார்கள். ராசம்மா பெரட்டிலிருந்து கூடையோடு போகும்போது, "நாப்பத்தொண்ணா? முப்பத்தஞ்சின்னு போடச் சொல்லத் தோணல பாருங்க" என்று திட்டிவிட்டுத்தான் மலை ஏறினாள்.

மார்ச்சில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். மாற்ற வழியில்லாததை மாற்றியது யார் என்று கேட்டார். "நான்தான்" என்றாள் டெல்சி. தம்பு ஐயா அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். இரண்டு வாரத்தில், அவளுடைய வேலை நீட்டிக்கப்படாது என்ற கடிதம் வந்தது. அதை நனையாமல் சட்டைக்குள் வைத்து மூன்று மைல் சுமந்து வந்து அவள் கையில் கொடுத்தவரும் பொன்னையாதான்.

கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. டெல்சி கம்ப்யூட்டரின் உறையை உருவி, உதறி, கையில் போட்டுக்கொண்டு அவரிடம் வந்தாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த மனிதர், வெட்கத்தை விட்டுக் கையை நீட்டினார். அவள் பிள்ளைக்காம்பராப் புத்தகத்தை எடுத்து, உறைக்குள் வைத்துச் சுற்றி, நாடாவை இறுக்கிக் கட்டி, நீட்டிய கையில் வைத்தாள்.

"அவங்க திரும்பவும் மாத்திட்டாங்கன்னா இது ஒண்ணுதான் சாட்சி. அங்க வச்சா எலி திங்கும், இங்க வச்சா ஆளு திங்கும். ஒங்க வீட்டுலயே வச்சிருங்க. வழியில நனையாமக் கொண்டு போங்கண்ணே."