துண்டோடு வந்த ஏலக்காரர்

குடியை நிறுத்த வருகிறவர்களைத் தங்கவைத்துச் சோறு போடுகிற எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: வருகிற ஒருத்தருக்கும் வியாதி கிடையாது. கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

"நாளையிலேருந்து தொடமாட்டேன்" என்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு அல்லாடுகிற என் சொந்தங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தவள் இல்லை. ஐந்தருவி ரோட்டில் சீசன் கடை போட்டு, ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்று, காரில் வருகிறவர்களிடம் தொண்டை கிழியப் பேரம் பேசியே ஆளானவள். இப்போது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், தோப்புக்குள் இருக்கிற மறுவாழ்வு இல்லத்தில் வேலை. சமையல்கட்டு, சாமான் வாங்குவது, வருகிறவர்களை வாசலில் பார்த்துப் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. பழக்கடை போய்விட்டது, கோபம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

செக்கு எண்ணெய்

பங்குனி வெயிலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் பரமசிவம் அண்ணாச்சி. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். தோளில் துண்டு, கையில் நல்லெண்ணெய்ப் பாட்டில். "அருவி எங்கன இருக்கு? சத்தத்தையே காணோம்?" என்றார். பின்னாலேயே இறங்கிய அவர் சம்சாரம் செல்லத்தாய் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். குற்றாலத்தில் சாரல் விழுகிறது, குளிக்கப் போவோம் என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். பங்குனியில் அருவிப் பாறை காய்ந்து கிடக்கும் என்பது இந்தப் பக்கத்துக் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அண்ணாச்சி அதை நம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவர் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கவுன்சிலர் ஷீபா, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பெண். பொய் சொல்லி ஆளைச் சேர்க்க அவள் சம்மதிக்கவே மாட்டாள். அண்ணாச்சியை உட்காரவைத்து, இது என்ன இடம், என்னென்ன வைத்தியம், மூன்று மாதம் தங்க வேண்டும், பிடிக்காவிட்டால் இப்போதே திரும்பிப் போகலாம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் விருட்டென்று எழுந்து காருக்கு நடந்தார். செல்லத்தாய் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "கை நடுங்கி, ஆளுக கேக்குற வெலை மாறிப்போயி, மார்க்கெட்ல உங்களை ஏலத்த விட்டு எறக்கிட்டாவ. முழுசா முடிச்சிட்டு வந்தா பழைய இடம் உங்களுக்குத்தான்னு சொல்லியிருக்காவ. நானும் அதேதான் சொல்லுதேன். பாதியில வந்தா மார்க்கெட்டும் கிடையாது, வீடும் கிடையாது."

அவர் நின்றார். பிறகு ஆரம்பித்தார் பேரத்தை. மூன்று மாதமா, மூன்று நாள் போதாதா, சரி ஒரு வாரம். எனக்கு வந்ததே கோபம்! "அண்ணாச்சி, இது என்ன எலுமிச்ச மூடையா? கொறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. மூணு மாசம் முடியவும் சாரல் விழவும் சரியா இருக்கும். நானே கூட்டிட்டுப் போயிக் குளிக்க வைக்கேன்" என்று கத்தினேன். ஷீபாவிடமிருந்து பேனாவை வாங்கினார். "கையெழுத்துப் போடுதேன். ஆனா அந்த எண்ணெயை அடுப்படிக்குக் கொண்டுபோயிராதிய, செக்குல ஆட்டுனது."

டாக்டரிடம் ஒரு வியாபாரம்

முதல் சில நாள் யாருக்குமே பாடுதான். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. திடீரென்று நிறுத்தினால் உடம்பு ஏடாகூடமாகிவிடும் என்று டாக்டர் பக்கத்திலிருந்து பார்த்து மாத்திரை கொடுப்பார். நான் கஞ்சியும் ரசமும் கொண்டுபோவேன். ரசத்தில் எதையோ கலந்து நடுங்க வைக்கிறேன் என்று அண்ணாச்சி சொல்ல, அந்தத் தம்ளரை அவர் முன்னாலேயே குடித்துக் காட்டிவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

நடுக்கம் கொஞ்சம் தணிந்ததும் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாக, மொத்த வியாபாரி சில்லறை வியாபாரியிடம் பேசுகிற மாதிரிக் கேட்டார். "இத்தனை மாத்திரை உங்களுக்கும் நட்டம், எனக்கும் கசப்பு. அந்தியில ஒரு மூடி மட்டும் ஊத்திருங்க, மாத்திரை பூராவையும் திருப்பித் தந்திருதேன்."

மௌனம், ஒரு தரம்

காலையில் யோகா. அது முடிந்ததும் கண்ணை மூடி, பேசாமல் உட்கார வேண்டும். கை காலை வளைப்பது அண்ணாச்சிக்குக் கஷ்டமாக இல்லை. வாயை மூடுவதுதான் முடியவில்லை. மார்க்கெட் கூட்டத்தில் தன் குரல் மட்டும் கேட்கவேண்டும் என்று பழகிய தொண்டை அது. ஒருநாள் எல்லாரும் அமைதியாக இருக்கிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து மெதுவாக, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று கேட்டது. அவ்வளவுதான், முன்வரிசையிலிருந்து ஒருவர் விலை கேட்க, இன்னொருவர் ஏற்றிக் கேட்க, அடுப்படிவரைக்கும் சிரிப்பு.

நான் கரண்டியோடு ஓடிவந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் யோகா மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "யக்கா, நாளையிலேருந்து இவரை என் மடியில உக்கார வச்சிருங்க. இல்லேன்னா என் வகுப்பையே வித்துருவாரு."

பூட்டின கதவு

எல்லாருக்கும் ஒரே வைத்தியம் ஒத்துவராது என்பாள் ஷீபா. சிலர் வட்டமாக உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுவார்கள், சிலர் தோட்டத்தில் மண்ணைக் கொத்துவார்கள், சிலர் பாடுவார்கள். அண்ணாச்சி பேச்சை எல்லாம் வேடிக்கையாக்கிவிடுகிறார் என்று அவர் கையில் கலர் பென்சிலைக் கொடுத்து, உங்கள் வீட்டை வரையுங்கள் என்றாள். சின்னப் பிள்ளை வேலை என்று முனகிக்கொண்டே வரைந்தார். ஓடு, ஜன்னல், வாசலில் முருங்கை, மேலே சூரியன் எல்லாம் லட்சணமாக இருந்தது. கதவில் மட்டும் பெரிய பூட்டு.

பகலில் ஏன் வீடு பூட்டியிருக்கிறது என்று ஷீபா கேட்டாள். அன்றைக்கு அண்ணாச்சி வேடிக்கை பேசவில்லை. "நான் வீட்டுக்கு வாரது ஊர் அடங்குனப் பொறவுல்லா மேடம். அந்நேரம் எந்தக் கதவு தொறந்திருக்கு?"

நான் கெடுத்த பேரம்

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தாரைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. செல்லத்தாய் இத்தனை வருஷம் பட்டதையெல்லாம் அழாமல் சொல்லி முடித்தாள். இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று ஷீபா கேட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்க்கெட் லீவு அன்றைக்கு மட்டும் குடிக்கிறேன் என்றார். செல்லத்தாய் தலையை ஆட்டவில்லை. விசேஷ வீட்டில் மட்டும் என்றார். அதற்கும் இல்லை. கடைசியில், சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் பீர் மட்டும் என்று இறங்கினார்.

டீ கொண்டுபோன நான் சும்மா வந்திருக்க வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு தூரம் விலை இறங்கியதைப் பார்த்ததும் பழைய ரத்தம் துடித்துவிட்டது. "படிஞ்சிருச்சி தாயி, முடிச்சிரு!" என்று கத்திவிட்டேன். ஷீபா பல்லைக் கடித்துக்கொண்டு, "சேச்சி, தயவு செஞ்சு வெளிய போங்க" என்றாள். வாசல் வரைக்கும் போன என்னைச் செல்லத்தாய் கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை. "இது விக்கிற சரக்கு இல்லக்கா."

சாரல்

ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கி, காற்று ஈரமாக வீசியது. அண்ணாச்சி கிளம்புகிற நாளும் வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை, மாதாமாதம் வந்து காட்டுவது, வாரக் கூட்டத்துக்கு வருவது, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் பயம். பேரம் பேசாத ஆளை நான் நம்பியதே இல்லை. கொடுத்த வாக்குப்படி அவரையும் செல்லத்தாயையும் நானும் ஷீபாவும் அருவிக்குக் கூட்டிப்போனோம். அவர் தலையில் அந்தச் செக்கு எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் ஒரு குரல்: "ஏலே பரமசிவம்!" பழைய கூட்டாளி. லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறார்களாம், எல்லாரும் வந்திருக்கிறார்களாம், ஒரே ஒரு ரவுண்டாம். செல்லத்தாய் கையிலிருந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள், அது இன்னும் நனையவே இல்லை. நான் வாயைத் திறக்கப்போக, ஷீபா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, அப்படியே நின்றார். கூட்டாளி பாதி ரவுண்டு என்றான், பிறகு பீர் என்றான், பிறகு சும்மா வந்து உட்காரு போதும் என்றான். எதிர்க்குரலே இல்லாமல் தானே விலையை இறக்கி இறக்கிக் களைத்துப்போய், "என்னலே, பிரமை பிடிச்சிருச்சா?" என்று திட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் செல்லத்தாய் மெதுவாகக் கேட்டாள்: "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "வாயைத் தொறந்தா பழக்க தோசத்துல ஒரு வெலை சொல்லிருவேன் செல்லத்தாயி. அதான் மூடிக்கிட்டேன்."

வாயை வைத்தே பிழைத்த ரெண்டு பேரில் ஒருவர் அதை மூடக் கற்றுக்கொண்டு மறுபடியும் புளியங்குடியில் ஏலம் கூறுகிறார்; இன்னொருத்தி அதே இல்லத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இன்னமும் காய்கறிக்காரனிடம் கத்திக்கொண்டிருக்கிறாள்.