கைக்கு வராத சம்பளம்

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அந்தப் பெண்ணுக்குக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் புயல். வண்டியைவிட வாய் வேகம். அன்றைக்கோ அவளுக்குக் கால் தரையிலேயே பாவவில்லை. எதிர்த்த தெருவில் புதிதாகத் திறந்த கிடங்கில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம்? இப்போது கைக்கு வருவதைப்போல ஒன்றரை மடங்கு!

விடுவாளா? காலை ஷிஃப்ட் முடிந்ததும் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "நாளையிலேருந்து வரமாட்டேன் சார். மாசாமாசம் சம்பளத்துல நீங்க பிடிச்சதெல்லாம் போதும்!" என்று போட்டு உடைத்துவிட்டு வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கணக்கில் குனிந்துகொண்டார்.

வீட்டுக்காரர் தையல்காரர். முழங்கால் தேய்ந்து மிஷினை மிதிக்க முடியாமல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார். அடுத்த வாரம் ஆபரேஷன்.

"ஏங்க, நம்ம கஷ்டமெல்லாம் தீர்ந்துச்சு!" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

எல்லாவற்றையும் கேட்டவர், "அவங்க சொன்னது கைக்கு வர்றதா, மொத்தமா?" என்றார்.

"சம்பளம்னா சம்பளம்தான். நல்ல சேதி சொல்ல வந்தா நீங்க வேற!"

"சரி, என் ஆபரேஷனுக்கு யாரு பணம் கட்றா?"

"இன்சூரன்ஸ்..." என்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இன்சூரன்ஸ், அவள் விட்டுவிட்டு வந்த கிடங்கு எடுத்துக் கொடுத்தது.

புதிய இடத்துக்குப் போன் போட்டாள். அங்கே பேசிய பெண் புட்டுப் புட்டு வைத்தாள். சொன்ன தொகை மொத்தக் கணக்காம். சேமநிதிக்குக் கம்பெனி போடும் பங்கு, வேன், சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் ஒரு வருஷம் கழித்துத்தான். பழைய கிடங்கிலோ இதெல்லாம் கைச்சம்பளத்துக்கு மேலே சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மரமண்டை! இங்கே கைக்கு வருவதை அங்கே மொத்தமாகத் தருவதோடு ஒப்பிட்டிருக்கிறாள்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பழைய கிடங்குக்கே ஓடினாள். மேனேஜர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், மத்தியானம் நான் சொன்னது..." மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரியிலேருந்து இப்பத்தாம்மா போன் வந்துச்சு. நீங்க இன்னும் இங்க வேலையில இருக்கீங்களான்னு கேட்டாங்க."

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "என்ன சார் சொன்னீங்க?"

"இருக்காங்கன்னு சொன்னேன். எழுதிக் குடுத்தாத்தானே விலகினதா அர்த்தம்? நீங்க கத்திட்டுத்தானே போனீங்க!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, ஆபரேஷன் உண்டு!" என்று அவள் போட்ட கூச்சலில் கிடங்கே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.