பறக்கிறவன் கையில் இருந்த காப்பு

நீங்களே சொல்லுங்கள், இரும்புக் காப்பைத் தட்டியதும் ஒருவன் பறக்கிறான் என்றால் பலம் காப்பில்தானே இருக்கிறது?

நான் தீ மிதிக்கப் போகிற எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மகளை அழைக்க, இன்று ஆரம்பாக்கத்துக்கு ரயிலில் வந்தேன். எதிரே ஷிஃப்ட் முடிந்து திரும்பிய இரண்டு பேர் படக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை.

“அவன் வேற கிரகத்து ஆளுடா. பலம் ரத்தத்துல கீது.”

“காப்பு இல்லாம ஒரு தபா பறக்கச் சொல்லு, பாப்போம்!”

நான் விடுவேனா?

“காப்புதான் நைனா. ஆத்தாளுக்குக் காப்பு கட்டிக்கினா நெருப்பே சுடாது. ஆனா திருவிழா முடியற வரிக்கும் ஊர் எல்லையத் தாண்டக்கூடாது. தாண்டுனா பலம் பூடும்.”

“இவன் ஊர் ஊராப் பறக்கறானே, அத்தே?”

“அதான் கடைசிப் பக்கத்துல அடி வாங்கறான்!”

பெட்டியே சிரித்தது. மகள் வீட்டுக் காபிகூட இன்று தனி ருசி.

நான் சொன்னது சரிதானே?

அம்மாடி, செவ்வாய்க்கிழமை பூசாரி என் கையிலும் மஞ்சள் காப்பு கட்டினாரே!