மை வைத்த கை

கனடாவுக்குப் போக எல்லாம் கூடி வந்திருந்தது. கணவரின் அண்ணன் அங்கிருந்து வழி செய்திருந்தார். தூதரகம் சொன்ன டாக்டரிடம் நான், கணவர், மகள் மூன்று பேரும் உடம்பைக் காட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் கடைசிப் படி. அதற்கு நாள் குறித்துக் கடிதம் வந்த வாரத்திலேயே எனக்குத் தேர்தல் பணி உத்தரவும் வந்தது. இரண்டிலும் ஒரே தேதி.

தலைநகரின் மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிப்ரவரிக் குளிர். இரண்டு தாள்களையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர். "முதுகுவலின்னு ஒரு சர்டிபிகேட் குடு. உங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு எலெக்‌ஷன் வந்தாத்தான் முதுகே வலிக்குது."

என் எண்ணமும் அதுதான். நான் வேலை பார்த்த அமைச்சகத்தில் அமைச்சர் மாறும்போதெல்லாம் கதவில் பெயர்ப்பலகை மாறும். எங்கள் பியூன் திருகாணிகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பலகை மாறும், நான் எழுதும் பதில் மாறாது: பரிசீலனையில் உள்ளது. இரண்டு வருடத்துக்குள் மறுபடி தேர்தல். இனி ஓட்டே போடுவதில்லை என்று வீட்டில் சபதம் செய்திருந்தேன். தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் ஓட்டுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

சர்டிபிகேட்டோடு தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. எல்லாரும் என்னைப்போல் சர்க்கார் ஆட்கள். ஒருவர் கழுத்துவலிக்குப் போடும் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முறை வரும்போது மாட்டிக்கொள்வாராம். எனக்கு முன்னால் நின்ற தமிழ் அம்மாள் திரும்பி, "எனக்கு பிபி. உங்களுக்கு என்ன?" என்றார், கல்யாண வீட்டில் புடவை விலை கேட்கிற குரலில்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை வருடம் நாட்டைத் திட்டியபோதெல்லாம் இந்த வரிசையைத்தான் திட்டியிருக்கிறேன். வலியே இல்லாத என் முதுகு கூசியது. படியிறங்கிவிட்டேன். தேசபக்தி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப நாங்க?" என்றார் கணவர். மகள் பள்ளியில் தோழிகளிடம் விடைபெறவே தொடங்கியிருந்தாள்.

வாக்குப்பதிவு அன்று அவர்கள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். எனக்குப் பள்ளிக்கூட பூத்தில் குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, ஜன்னலில் கம்பி, வாசலில் போலீஸ். ஓட்டுப் பெட்டிக்கு முத்திரை வைக்கும்வரை வெளியே போக முடியாது. என் வேலை மை வைப்பது. மணல் நிரப்பிய கிண்ணத்தில் சாயாமல் நிறுத்திய சின்னக் குப்பி. விரல், விரல், இன்னொரு விரல். மாவு காய்ந்த விரல், கிரீஸ் ஏறிய விரல், மருதாணி உதிரும் விரல். ஒவ்வொன்றையும் பிடித்தேன், ஒவ்வொன்றும் ஒரு கணம் என்னைப் பிடித்தது. குப்பி ஒழுகி என் கையும் கறுத்தது.

ஒரு பஞ்சாபிக் கிழவி விரலை நீட்டியபடியே நின்றார். "நல்லா மோட்டாவா, பட்டையா வை, மகளே. உன் முழங்காலுக்கு பூத் ஒரு கேடான்னு மருமக கேட்டா. அவ மூஞ்சிக்கு நேரே காட்டணும்."

இரண்டாவது கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் கையைப் பார்த்தார். "ஓட்டுப் போட்டியா?"

"இல்ல."

"அப்ப இது?"

"மத்தவங்களோடது."

"நீயும் வந்தாத்தான் ஃபைலை அனுப்புவேன்னுட்டார் டாக்டர்," என்றார். மகள், "சரி, அப்போ ஸ்கூல் பையை மறுபடி அடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதுத் தேதி கேட்டுத் தூதரகத்துக்கு எழுதினோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தின் பொருள் இந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

விரலில் மை மங்கி நகத்தோடு வளர்ந்து போயிற்று. மறு ஆண்டே அரசு கவிழ்ந்தது. பியூன் திருகாணிகளை வெளியே எடுத்தார். என் பெயருக்கு மறுபடி தேர்தல் பணி உத்தரவு. கணவர்தான் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"தெரியும். இந்தத் தடவையாவது தபால் ஓட்டுக்கு எழுதிக் குடு. எப்படியும் பூத்துக்குள்ள மாட்டிக்கிட்டுதான் கிடக்கப்போற."

கனடாத் தாள்கள் இருந்த பையைத் திறந்து, அதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். பையை மூடவில்லை. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.