வெளிப்பக்கம் பூசிய கரை

சுவரில் ஓதம் ஏறினால் ஆசைத்தம்பியைக் கூப்பிடு என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிய பெரிய வீடுகளில் மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கினால் அவன்தான் போகவேண்டும். உள்ளங்கையைச் சுவரில் வைப்பான். கண்ணை மூடுவான். "இங்குட்டு இல்ல, அங்குட்டு" என்பான். அவன் வெளிப்பக்கம் பூசிவிட்டால் எந்த மழைக்கும் பயமில்லை. கெட்டிக்காரக் கொத்தனார். அதை அவனே சொல்லிக்கொள்வதிலும் கெட்டிக்காரன்.

நெற்குப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கண்மாய், பல வருஷம் காய்ந்து கிடந்து இந்த ஐப்பசியில்தான் நிறைந்தது. மடைக்கு அடுத்த முதல் வயல் ஆசைத்தம்பியின் மனைவி சிகப்பியுடையது, பிறந்த வீட்டுச் சொத்து. நட்டதும் களையெடுத்ததும் அவள்தான். அவன் வரப்பில் நடந்தாலே வழுக்கி விழுகிற ஆள்.

கசிவை முதலில் பார்த்தவளும் அவளே. வயல் பக்கம், கரையின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர்.

பொதுப்பணித்துறை ஆபீசில் போய்ச் சொன்னோம். மழை விடட்டும் என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர்களைத் திட்டினோம். திட்டினால் கசிவு நிற்குமா? "வீட்டுலயே ஆளு இருக்கையில எதுக்கு ஆபீசு?" என்று சிகப்பி புருஷனைக் கூட்டிவந்தாள்.

அவன் கரையில் உள்ளங்கையை வைத்தான். கல் அடுக்கி, சிமெண்டுக் கலவை போட்டு, கசிந்த இடம் முழுக்க வெளியிலிருந்து பூசினான். மறுநாள் சொட்டு ஈரம் இல்லை. எங்கள் ஊரில் வாய்க்கால் வெட்டத்தான் ஆள் கிடைக்காது. துண்டு போர்த்தக் கிடைக்கும். மடைக்கருப்புக்குப் பொங்கல் வைத்து, அவனுக்குப் பச்சைக்கரைத் துண்டு ஒன்று போர்த்தினோம். அன்று முழுக்க அதைத் தோளைவிட்டு எடுக்கவில்லை அவன்.

வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் வெளியிலிருந்து வரும். கண்மாய்க் கரைக்கு உள்ளிருந்து வரும். எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

பயிர் பால் பிடிக்கும் சமயத்தில், சிகப்பியின் வயலுக்குள்ளேயே கலங்கல் தண்ணீர் கொப்பளித்துக் கிளம்பியது. பூச்சுக்கு மேலே கரையில் கால் வைத்தால் புதைந்தது. தகவல் கேட்டு ஆபீசிலிருந்து இன்ஜினியர் ராஜப்ரியா ஓடிவந்தார். சின்ன வயசுக்காரர். கலங்கலைக் கையில் அள்ளிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"தெளிஞ்ச தண்ணியா வந்தவரைக்கும் பயமில்லண்ணே. மணலும் ஜல்லியும் போட்டு வடிய விட்டிருக்கணும். வழிய அடைச்சதும் உள்ளயே வேற வழி தேடிருச்சு. இப்பக் கரை மண்ணக் கரைச்சுக்கிட்டு வருது."

ஆசைத்தம்பி கடப்பாரையைத் தூக்கினான். "நான் பூசுனத நானே ஒடச்சு விட்டுர்றேன்."

"தொடாதீங்கண்ணே! இவ்வளவு தண்ணி நிக்கிறப்பத் தொட்டா மொத்தக் கரையும் போயிரும். மடையத் தொறந்து தண்ணிய எறக்கணும். வேற வழி எனக்கும் தெரியல."

கரை போனால் கீழே காலனி வீடுகள். தண்ணீர் போனால் பயிர்.

மடைக்கருப்புக்குச் சூடம் காட்டாமல் எங்கள் மடையைத் திறப்பதில்லை. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி கருத்தையா சூடத்தைக் கொளுத்தினார். வழக்கமாக விளைச்சல் கேட்டுக் கும்பிடுவார். அன்று கொளுத்திவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"எதக் கேட்டுய்யா கும்பிடுறது?"

சூடம் அணைந்தது. மடை திறந்தது. அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது என்பார்கள். ஆசைத்தம்பி அழத்தான் செய்தான். எங்கள் தண்ணீரெல்லாம் கீழூர்க் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தது. காலனி பிழைத்தது. பால் பிடித்த கதிரெல்லாம் பதராய் நின்றது.

ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பான். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. இப்போது யார் வீட்டுச் சுவரிலும் அவன் உடனே கை வைப்பதில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

தை பிறந்ததும் சிகப்பி வயலை அறுத்தாள், மாட்டுத் தீவனத்துக்காக. அவன் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். அவள் அறுத்த தாளைக் கட்டாகக் கட்டிவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தாள். பச்சைக்கரைத் துண்டு.

"அதையா எடுத்தே?" என்றான்.

"வேற துண்டு இல்ல. செத்த ஏத்தி விடுறீகளா?"

அவன் குனிந்து கட்டைத் தூக்கி, அந்தத் துண்டின் மேல் வைத்தான்.