கால்வாய் வாயில் நட்ட கோரை

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என் காலரிலிருந்து வெள்ளைப் பஞ்சு ஒன்றை எடுத்து நீட்டி, "தலகாணி கிழிஞ்சிடுச்சா சார்?" என்றார். அது சம்பங்கோரைப் பூவின் பஞ்சு. சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்று சிரித்துவைத்தேன். உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம், காலேஜ் என்று போனவன் நான். படித்தது சிவில். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கான்கிரீட் ஊற்றுவேன் என்று அப்பா பீன்யாவில் தான் வேலை பார்த்த ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எனக்குக் கிடைத்ததோ ஏரிக்கரையில் சேற்று வேலை. மழைநீர்க் கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் முன்பு சதுப்பு இருந்ததாம். இடிபாடு கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அதைத் தோண்டி, மறுபடி சதுப்பாக்கி, கோரை நட வேண்டும். சாக்கடை கலந்து வரும் மழைத்தண்ணீர் கோரைக்குள் மெல்ல ஊர்ந்து, கசடை இறக்கிவிட்டு ஏரிக்குப் போகும். இதை அப்பாவுக்கு விளக்குவதுதான் பெரிய வேலை.

"புல்லு புடுங்கவாடா உன்னப் படிக்க வெச்சேன்?"

"புடுங்கலப்பா. நடறேன்."

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கு மழையோடு கால்வாயும் வரும். கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன். சாக்கடை வாடை அடித்தால் எனக்கு இன்றைக்கும் அல்ஜீப்ரா ஞாபகம் வரும். அந்தத் தண்ணீரோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு.

கோரை ஆளுயரம் எழுந்தது. நீலத் தாழைக்கோழி ஒன்று கூடு கட்டியது. கோடையில் கோரைத் தாள்கள் காய்ந்து பழுப்பாயின. வேர் உயிரோடுதான் இருந்தது. வாக்கிங் வருகிறவர்கள் கண்ணுக்கு அது செத்த புதர், பாம்புக் குடியிருப்பு. மாநகராட்சியிடம் புல்தரையும் பெஞ்சும் கேட்டார்கள். ஒருநாள் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பொக்லைன் பாதிக் கோரையை வழித்துவிட்டிருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் மேரி அக்கா, ஆஸ்டின் டவுன்காரர், கூடு இருந்த மீதிப் பாதியில் போய் நின்றார். நானும் இறங்கினேன். முழங்கால் சேற்றில் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"ஓரம் போங்கக்கா. எனக்கு ஆர்டர் இருக்குது," என்றார் டிரைவர்.

"அப்ப எங்களையும் சேத்து அள்ளுப்பா," என்று அக்கா நின்றபடியே டிஃபன் டப்பாவைத் திறந்தார்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "நீ யாருப்பா, அக்காவுக்குத் தம்பியா?"

இன்ஜினீயர் என்று சொல்லியிருக்கலாம். "புல்லு நடறவன்," என்றேன்.

சாயங்காலம் வரை நின்றோம். வண்டி திரும்பிப் போனது.

வழித்த பாதியில் புல்தரை விரித்து, பெஞ்சு போட்டு, புல்லில் நடக்காதீர்கள் என்று பலகை வைத்தார்கள். கோரைக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த மழைக்கே மண்ணுக்குள் மிச்சமிருந்த வேர், புல்தரையைக் குத்திக்கொண்டு எழுந்தது. வெட்டினார்கள், வந்தது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி வந்தது.

இப்போது அந்தப் புல்தரை இல்லை. பலகை இல்லை. ஒரு பெஞ்சின் முதுகு மட்டும் தெரிகிறது, அதில் தாழைக்கோழி நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பார்த்தார். கரையில் நின்று மூக்கை உறிஞ்சி, "நாத்தம் எங்கடா?" என்றார். அதுவும் போய்விட்டது. போனதற்கெல்லாம் ஏங்க வேண்டுமா என்ன? இதில் எதற்கும் நான் ஏங்கப்போவதில்லை.

மேரி அக்கா இப்போது வேறொரு ஏரியில் இருக்கிறார். அங்கேயும் புல்தரை கேட்கிறார்களாம். இன்று காலை நான் பஸ் ஏறியது அங்கே போகத்தான். மடியில் ஒரு கோணிப்பை நிறைய வேர்.